சும்மா இருக்கிறானா நம் பிள்ளை?

காரைக்குடிச் சுற்று வட்டாரத்தில் ஏதேனும் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "தம்பி இப்போது என்ன செய்கிறான்?" என்று வினவிப் பாருங்கள். படித்து முடித்தும் வேலை கிடைக்காத பிள்ளையாயினும், தேர்வில் தவறிய பிள்ளையாயினும், வெளிநாட்டுப் பயணம் கைகூடாத பிள்ளையாயினும் பெற்றோர் கூறும் விடை ஒன்றே: "சும்மாதான் இருக்கிறான்." அவ்விடையில் ஒரு பெருமூச்சு இருக்கும், சற்றுக் கோபமும் இருக்கும். கேட்டவரும், "ஆம்பிளைப் பிள்ளை இப்படி முடங்கிக் கிடக்கலாமா?" என்று ஓர் அறிவுரையை உதிர்த்துவிட்டுப் போவார். உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அப்பிள்ளையின் காதிலும் அச்சொற்கள் விழும்.

'சும்மா' என்னும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதே இக்கட்டுரை. தமிழ்த்துறை வெளியிடும் மலரில் மூளையைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். சொல்லின் பொருத்தத்தை ஆராய்வது தமிழ் கற்றோரின் கடமை. பொருந்தாத ஒரு சொல் ஓர் இளைஞனின் உயிருக்கே ஊறு செய்யுமாயின், அதனை ஆராய்வது இருமடங்கு கடமையாகின்றது. மனச்சோர்வு என்னும் நோயுற்ற இளைஞன் சும்மா இருப்பதில்லை. அவன் மூளையும் சும்மா இருப்பதில்லை. இதனை இன்றைய அறிவியல் கூறுகின்றது. நம் முன்னோரும் தம் வழியில் உணர்ந்தே இருந்தனர்.

ஓய்விலும் ஓயாத உறுப்பு

ஜெர்மனி நாட்டு மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து 1929ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தார். கண்களை மூடி அமைதியாக இருந்தவரின் தலையிலிருந்தும் அலைகள் ஒழுங்காக எழுந்துகொண்டே இருந்தன. இன்று அவ்வலைகளைப் பதிவு செய்யத் தலையில் ஒட்டப்பெறும் மின்முனைகளுள் பெரிதும் வழங்குவது வெள்ளி - வெள்ளி குளோரைடு மின்முனையாகும். அது மின்வேதியியல் நமக்கு அளித்த கொடை. வள்ளல் அழகப்பரின் கொடையால் எழுந்து, 1953ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தன்னகத்தே கொண்ட காரைக்குடிக்கு இத்துறை அயலானதன்று.

பின்னர் எம்.ஆர்.ஐ. கருவி வந்தது. உயிர்வளி நிறைந்த குருதிக்கும் குறைந்த குருதிக்கும் காந்தத் தன்மையில் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டைக் கொண்டு மூளையின் செயற்பாட்டைப் படமெடுக்கலாம் என்பதை 1990ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர் செய்ஜி ஒகாவா காட்டினார். தொடக்கத்தில் ஆய்வாளர்கள் அனைவரும் வேலை செய்யும் மூளையையே நோக்கினர். விரலை அசைக்கச் சொல்வர். படத்தைப் பார்க்கச் சொல்வர். அப்போது மூளையின் எப்பகுதி ஒளிர்கின்றது என்று காண்பர். ஓய்வில் எழும் ஏற்றத்தாழ்வுகளை வெறும் இரைச்சல் என ஒதுக்கினர்.

அந்த 'இரைச்சலில்' பொருள் உண்டு என்று கண்டவர், அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் அன்று ஆய்வு மாணவராக இருந்த, இந்திய வம்சாவளியினரான பாரத் பிஸ்வால். கைகளை அசைக்காமல் ஓய்ந்து கிடக்கும்போதும், இடக்கையை இயக்கும் மூளைப்பகுதியும் வலக்கையை இயக்கும் மூளைப்பகுதியும் ஒன்றோடொன்று இசைந்து மெல்ல ஏறி இறங்குவதை அவர் 1995ஆம் ஆண்டு வெளியிட்டார். ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே பத்து வினாடிகளோ அதற்கு மேலோ ஆகும் அளவுக்கு மெதுவான அலைகள் அவை. இதனைக் காணச் செய்யும் சோதனையும் எளியது. ஒருவரைக் கருவிக்குள் படுக்க வைத்து, "உறங்க வேண்டாம், வேறொன்றும் செய்ய வேண்டாம்" என்று சில நிமிடங்கள் விட்டுவிடுகின்றனர். சும்மா இருப்பதே அங்குச் சோதனை!

2001ஆம் ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கஸ் ரெய்க்லும் அவர்தம் குழுவினரும் மேலும் ஓர் உண்மையை விளக்கினர். நாம் ஒரு வேலையில் இறங்கும்போது மூளையின் சில பகுதிகள் அடங்குகின்றன. வேலை முடிந்ததும் அவையே மீண்டும் எழுகின்றன. இப்பகுதிகளின் கூட்டத்தை இயல்புநிலை வலைப்பின்னல் என்று கூறலாம். கடந்ததை நினைப்பது, வருவதை எண்ணுவது, பிறர் நம்மைப் பற்றி என்ன நினைப்பர் என்று கருதுவது, 'நான்' என்னும் கதையை ஓயாது எழுதுவது ஆகியவற்றில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 பங்கைச் செலவிடுகின்றது. கடினமான வேலையில் ஈடுபடும்போது கூடுதலாகச் செலவாவது அதில் 5 விழுக்காட்டிற்கும் குறைவே. அவ்வாறாயின் மூளையின் பெருஞ்செலவு, நாம் சும்மா இருப்பதாகக் கருதும் வேளையிலும் நடந்துகொண்டே இருக்கின்றது என்பது பெறப்படும்.

செக்குமாடாகும் மனம்

நலமாக உள்ளவனுக்கு இந்த உள்வேலை ஒரு செல்வம். திட்டமும் கற்பனையும் நினைவும் இங்கிருந்தே பிறக்கின்றன. மனச்சோர்வுற்றவனுக்கோ இதுவே சுமையாகின்றது. "ஏன் தோற்றேன்? அத்தா என்ன நினைப்பார்? நான் எதற்கும் பயனில்லாதவன்" என்று ஒரே தடத்தில் எண்ணம் சுழல்கின்றது. செக்குமாடு நாள் முழுதும் நடக்கின்றது. ஊர் எதனையும் சென்றடைவதில்லை. ஆயினும் மாலையில் களைத்து விழுகின்றது. அந்த மாட்டைப் பார்த்து, "சும்மாதானே நின்றாய், ஏன் களைத்தாய்?" என்று எவரும் கேட்பதில்லை. நம் பிள்ளையைப் பார்த்து மட்டும் கேட்கின்றோம்.

இதற்கு ஆய்வுச் சான்றுகள் உண்டு. 2007ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கிரீஷியஸ் குழுவினர், துயர உணர்வோடு தொடர்புடைய ஒரு மூளைப்பகுதி, மனச்சோர்வுற்றோரிடம் ஓய்வு வேளையில் இவ்வலைப்பின்னலோடு மிகுதியாகப் பிணைந்திருப்பதைக் கண்டனர். சோர்வு நீடித்த காலம் மிகுந்தவரிடம் அப்பிணைப்பும் மிகுந்திருந்தது. 2009ஆம் ஆண்டு இவெட் ஷெலைன் குழுவினர் நடத்திய ஆய்வில், அடங்க வேண்டிய வேளையில் இவ்வலைப்பின்னல் நோயுற்றோரிடம் உரியவாறு அடங்கவில்லை எனத் தெரிந்தது. பாடத்தில் கருத்தூன்ற முடியவில்லை என்று ஒரு மாணவன் சொல்வது சாக்குப்போக்கு அன்று என்பதை இவை உணர்த்துகின்றன.

ஆயினும் அறிவியலை மிகைப்படுத்துதல் அறிவியலுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. சீனாவில் 25 ஆய்வுக் குழுக்கள் ஒன்று சேர்ந்து, நோயுற்றோர் 1,300 பேரையும் நலமுள்ளோர் 1,128 பேரையும் ஒப்பிட்டு 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, முந்தைய முடிவுகளுக்கு மாறாக, மீண்டும் மீண்டும் சோர்வுற்றோரிடம் இவ்வலைப்பின்னலின் உட்பிணைப்பு குறைந்திருப்பதைக் காட்டியது. உட்கொண்ட மருந்தின் தாக்கமும் அதில் கலந்திருக்கலாம் என்றது. ஆகவே, ஸ்கேன் எடுத்து ஓர் இளைஞனின் மனச்சோர்வை உறுதி செய்யும் நிலை இன்னும் வரவில்லை. அமர்ந்து, கேட்டு, அறிந்து முடிவு செய்பவர் மருத்துவரே. எனினும் பிணைப்பு மிகுந்ததா குறைந்ததா என்பதில் ஆய்வாளர் வேறுபட்டாலும், ஓய்ந்திருக்கும் அம்மூளையின் இயக்கத்தில் மாற்றம் உண்டு என்பதில் வேறுபடவில்லை. நம் வாதத்திற்கு அது போதும்.

சோம்பல் வேறு, துயரம் வேறு

"எல்லாவற்றையும் நோய் என்று சொல்லிவிட்டால் சோம்பேறிக்கு அது ஒரு சாக்காகாதா?" என்று பெரியவர்கள் கேட்பர். நியாயமான வினாவே. விடை நம் மரபிலேயே இருக்கின்றது.

திருவள்ளுவர் சோம்பலைக் கடிய 'மடியின்மை' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். துன்பத்தில் மனம் உடையாதிருக்க 'இடுக்கண் அழியாமை' என்று வேறோர் அதிகாரம் வகுத்தார். இரண்டும் ஒன்றாயின் இரண்டு அதிகாரங்கள் எதற்கு? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இறைவனிடம் பாதுகாவல் தேடிய துஆ ஒன்றை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே ஓதி வருகின்றனர். கவலை, துயரம், இயலாமை, சோம்பல் ஆகியவை அதில் தனித்தனியே பெயர் பெற்றுள்ளன. துயரத்தைச் சோம்பல் என்றோ, இயலாமையைச் சோம்பல் என்றோ அப்பெருமானார் குழப்பவில்லை. குழப்புவது நாமே.

பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த பேரறிஞர் அபூ ஸைத் அல் பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். துயரத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். இழப்பு முதலிய காரணம் தெரிந்த துயரம் ஒன்று. காரணம் தெரியாமல் வந்து கவியும் துயரம் மற்றொன்று. பின்னதற்கு உடலிலேயே காரணம் உண்டு என்று கருதி, உடலுக்கும் மருத்துவம் வேண்டும் என்றார். காரணமே இல்லாமல் சோர்ந்து கிடக்கின்றான் என்று இன்று நாம் கடிந்துகொள்ளும் பிள்ளைக்காக ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் அறிஞர் பரிந்து பேசியிருக்கிறார்!

வேறுபாட்டை வீட்டிலேயே ஓரளவு உணரலாம். சோம்பேறி வேலைக்குத்தான் அஞ்சுவான். விளையாட்டும் விருந்தும் நண்பரும் அவனுக்கு இனிக்கும். மனச்சோர்வுற்றவனுக்கு முன்பு இனித்தவையும் இனிப்பதில்லை. உறக்கம் கெடும், அல்லது மிகும், உணவு செல்லாது, கருத்து ஊன்றாது, செய்யாத குற்றத்திற்கும் தன்னையே நொந்துகொள்வான். இவை பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்குமாயின் மருத்துவரை நாடுவதே முறை.

ஆண்பிள்ளை அழலாமா?

பெண்பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வருவதில்லையா எனின், ஆண்களைவிட மிகுதியாகவே வருகின்றது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஆயினும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டு இந்தியாவில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் ஆண்கள். அவ்வாண்டு இறந்த மாணவர்கள் மட்டும் 13,044 பேர். ஒரு சாவுக்குக் காரணம் ஒன்றே என்று கூறுதல் தவறு. ஆயினும் ஆண் துன்பத்தைச் சொல்வதில்லை என்பதும், சொல்லப்படாத துன்பம் மருந்தை அடைவதில்லை என்பதும் ஐயமற்றவை. ஆணின் சோர்வு கண்ணீராக வெளிப்படாமல் சினமாகவும் குடியாகவும் ஓயாத மௌனமாகவும் வெளிப்படுவதும் உண்டு.

நம் வட்டாரத்தில் இச்சுமை இன்னும் கூடுதல். நகரத்தார் பர்மாவிற்கும் மலாயாவிற்கும் இலங்கைக்கும் சென்று பொருள் ஈட்டினர், நம் முன்னோரும் கடல் கடந்தனர், இன்று வளைகுடா. சங்க இலக்கியத்தின் பாலைத்திணையும் பொருள்வயிற் பிரியும் ஆடவனையே பாடிற்று. ஈட்டுபவனே ஆண் என்னும் எண்ணம் செட்டிநாட்டு மண்ணில் ஊறியது. உயர்ந்த முகப்புகளும் பட்டாலைகளும் அந்த உழைப்பின் சான்றுகள், அவை பெருமைக்குரியவை. ஆனால் அப்பெருமையின் நிழலில், இன்னும் ஈட்டாத இருபது வயதுப் பிள்ளை தன்னை ஆணாகவே எண்ண முடியாமல் தவிக்கின்றான் என்பதையும் காண வேண்டும்.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையை இரண்டாவதாக வைத்தார். இழிவு, இழப்பு, முன்னைய நிலையிலிருந்து தளர்தல், வறுமை ஆகிய நான்கும் அதன் களங்கள் என்றார். பெண்ணுக்கு மட்டும் என்று அவர் வரையறுக்கவில்லை. மகன் யூசுஃபைப் பிரிந்த துயரத்தால் நபி யாகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று திருக்குர்ஆன் கூறுகின்றது. அன்னை கதீஜா (ரலி) அவர்களையும் தந்தையைப் போல் அரவணைத்த அபூதாலிபையும் நபிகளார் இழந்த ஆண்டை வரலாற்றாசிரியர்கள் 'துயர ஆண்டு' என்றே பெயரிட்டனர். இறைத்தூதர்களுக்கே வந்த துயரத்தை, ஒரு மாணவனுக்கு வந்தவுடன் "ஈமான் பலவீனம்" என்று தீர்ப்பளிக்க நமக்கு உரிமை தந்தவர் யார்?

மருந்தும் துஆவும்

நோயை அறிந்து, அதன் முதலை அறிந்து, தணிக்கும் வழியை அறிந்து செய்வதே மருத்துவம் என்பது வள்ளுவம். எந்த நோய்க்கும் இறைவன் நிவாரணம் வைத்தே இருக்கின்றான் என்பது நபிமொழியின் கருத்து. இவ்விரண்டையும் மறந்ததன் விலையை நம் பக்கத்து மாவட்டமே கொடுத்தது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களை அங்கே விட்டுச் சென்றவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு வழி அறியாதவர்கள். பின்னர் ஏர்வாடி தர்காவிலேயே மருந்தையும் துஆவையும் இணைக்கும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. ஜியாரத்திற்கு வருவோர் அங்கேயே மருத்துவரையும் காணலாம் என்னும் அவ்வழி, இரண்டும் பகையல்ல என்பதற்குச் சான்று.

ஏர்வாடியின் சங்கிலி இரும்பாலானது. 'சும்மா இருக்கிறான்' என்னும் சொல்லும் ஒரு சங்கிலிதான், கண்ணுக்குத் தெரியாதது. 2015-16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, ஏறத்தாழ இருபதில் ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வுக்கு ஆளாகின்றார். அந்நோயுற்றோரில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சை பெறவில்லை.

செய்யத்தக்கன

பெற்றோர்க்கு: கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும், வெளிநாட்டிற்கு அனுப்பினால் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள். நோயை மறைத்துச் செய்யும் திருமணம், உங்கள் மகனுக்குத் தீர்வாகாததோடு, அறியாத ஒரு பெண்ணுக்கும் இழைக்கும் அநீதியாகும். பிள்ளை மீண்டு வரட்டும். மற்றவை தாமே அமையும்.

ஆசிரியர்க்கு: மாணவனின் சோர்வை முதலில் அறிவது நம் வருகைப் பதிவேடு. நன்றாக வந்துகொண்டிருந்தவன் வாரக்கணக்கில் வராதபோது, வருகைக் குறைவுக்கு அபராதம் கேட்கும் முன், "தம்பி, என்ன ஆயிற்று?" என்று தனியே அழைத்துக் கேட்போம். 2022ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு அரசு மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. கலைக்கல்லூரிகளும் அரசை எதிர்பாராமல் தாமே அத்தகைய மன்றங்களை அமைத்துக்கொள்ளலாம். ஓர் அறையும், செவிமடுக்கத் தெரிந்த ஒருவரும் போதும்.

ஜமாஅத் பெரியவர்க்கும் ஆலிம் பெருமக்களுக்கும்: ஆண்டில் ஒரு ஜும்ஆ பயானையேனும் இதற்கு ஒதுக்குங்கள். மிம்பரிலிருந்து வரும் ஒரு சொல், நூறு துண்டு வெளியீடுகளைவிட வலியது. மனநல மருத்துவரிடம் செல்வது மானக்கேடு அன்று என்று நீங்கள் சொன்னால் ஊர் கேட்கும்.

மாணவ நண்பர்களுக்கு: உங்கள் சோர்வு உங்கள் குற்றமன்று. பேச்சு வழிச் சிகிச்சையும் மருந்தும் இந்நோய்க்கு உண்டு. மருந்து பயன் தரத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். இடையில் நீங்களாக நிறுத்தாதீர்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணும், 104 என்ற தமிழ்நாட்டு எண்ணும் எந்நேரமும் அழைக்கத்தக்கவை. உங்கள் நண்பன் வாழ்வே வேண்டாம் என்று ஒருமுறை சொன்னாலும், விளையாட்டாகக் கொள்ளாதீர்கள். அவனைத் தனியே விடாமல், உடனே பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அத்தகைய வேளையில் இரகசியம் காப்பது நட்பாகாது.

இனி நம் திண்ணைகளில், "தம்பி என்ன செய்கிறான்?" என்று எவரேனும் கேட்டால், "சும்மா இருக்கிறான்" என்று சொல்லும் முன் ஒரு கணம் தயங்குவோம். உள்ளே சென்று அவன் அருகில் அமர்வோம். அறிவுரை வேண்டா, அவன் பேசும்வரை அமர்ந்திருந்தால் போதும். துயருற்ற இளம் நெஞ்சங்களுக்கு எல்லாம் வல்ல இறைவன் ஆறுதல் அளிப்பானாக! அந்த ஆறுதலுக்கு நம் சொற்களும் கருவியாக அருள் புரிவானாக!